உம்மாவின் தெருவில் மூன்று நாட்கள்

“மகள், போறதெண்டா என்ட கால் நடக்கிற காலத்தில போவம். பிறகு தூக்கிக்கொண்டு போய் என்ன செய்யிறது?” என்றார் உம்மா. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம் அது. மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் போனோம். உம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அடையாள அட்டை, எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகள், வாப்பாவின் மரணச் சான்றிதழ். யாழ்ப்பாணத்து வீட்டின் உறுதி மட்டும் இல்லை. அது 1990இல் அலுமாரிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அன்புச் சகோதரிகளே, ஊர் பார்க்கப் போனவர்கள் கோட்டையையும் கடற்கரையையும் பற்றி எழுதுவார்கள். நானும் அவற்றைப் பார்த்தேன். ஆனால் அந்த மூன்று நாட்களில் நான் அதிகம் பார்த்தவை அலுவலகக் கதவுகள். ஒரு பெண் தன் சொந்த ஊரில் மீண்டும் ஊர்க்காரியாக எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

போன வழி

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், அங்கிருந்து வவுனியா, பிறகு ஏ-9 வீதியில் நேராக வடக்கே. கிளிநொச்சி கடந்து ஆனையிறவில் இரு பக்கமும் உப்பளமும் வெளியும் விரிந்தபோது உம்மா பேச்சை நிறுத்திவிட்டார். 1990இல் இதே மண்ணைவிட்டு எதிர்த்திசையில் போனவர்கள் நாங்கள். அப்போது எனக்கு 12 வயது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபர் மாதத்தில் வடக்கு மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். சாவகச்சேரி முஸ்லிம்களுக்கு அந்த மாதத்தின் நடுவிலேயே உத்தரவு வந்துவிட்டது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அது ஒக்டோபர் 30ஆம் தேதி வந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்து ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் புறப்படச் சொன்னார்கள். உடுத்த உடையும் சிறு தொகைப் பணமும் தவிர நகை, பணம், பத்திரம் எதையும் கொண்டுபோக விடவில்லை. பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளமும் கல்பிட்டியும். கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

எங்களை ஏற்றுக்கொண்ட புத்தளம் மக்களின் பெருந்தன்மையை மறக்க முடியாது. ஆனால் அந்த ஊரின் கிணறும் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் அவர்களின் தொகைக்கு ஏற்றபடி அமைந்தவை. ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினால், விருந்தோம்புகிறவர் மனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாயில் வருகிற தண்ணீர் பெருகிவிடாதே! வருடங்கள் போகப்போக எங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் ஒரே வாங்குக்கும் ஒரே வேலைக்கும் போட்டியிட வேண்டிவந்தது. அந்தச் சங்கடம் இரு பக்கமும் இருந்தது.

தெரு

யாழ்ப்பாண நகரத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியைச் சோனகத் தெரு என்பார்கள். பெயரில்தான் ஒரு தெரு. உண்மையில் அது பல தெருக்களும் ஒழுங்கைகளும் பள்ளிவாசல்களும் சேர்ந்த ஒரு சிற்றூர். ஆண்களுக்கு ஒஸ்மானியாக் கல்லூரி, பெண்களுக்குக் கதீஜாக் கல்லூரி. தையல், இரும்புச் சாமான், இறைச்சிக்கடை, ஆசிரியத் தொழில் என்று வாழ்ந்த மக்கள். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமும், பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபருமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையாகி அதிக காலம் ஆகாத 1950களிலேயே எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் ஒருவர் மேயராக இருந்தார். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருந்தும் அந்த நகரத்தின் நிர்வாகத்தில் எங்களுக்கு ஒரு கதிரை இருந்தது என்பதைப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இன்று தெருவில் பாங்கு ஒலிக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பாடசாலைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சில வீடுகள் புதுச் சுண்ணாம்போடு நிற்கின்றன. அடுத்த வளவில் கூரையில்லாத நான்கு சுவர். அதற்குள் வேப்பமரம் வளர்ந்து கூரையாகி நிற்கிறது. திரும்பி வந்தவர்கள் ஒரு பங்கு, வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு பங்கு, விற்றுவிட்டவர்கள் ஒரு பங்கு. எங்கள் வீடு வேப்பமர வகை.

உம்மா வாசல்படியில் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி, “இது குசினி. இது கிணத்தடி. அந்த மூலையில மாதுளை” என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மாதுளை இல்லை. கிணறு கல்லும் மண்ணும் குப்பையுமாகப் பாதி தூர்ந்திருந்தது.

அந்த நேரம் கிழக்குப் பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. “ஆரது? ... அக்காவே? எப்ப வந்தனீங்கள்?” உம்மாவை விடச் சிறிது வயது குறைந்த தமிழ்ப் பெண்மணி. எங்கள் தெருவின் ஓரமும் அவர்கள் தெருவின் ஓரமும் அந்த மதிலில்தான் சந்திக்கின்றன. பத்து நிமிடத்தில் தேத்தண்ணி வந்தது. “அக்கா, நீங்கள் போய் அஞ்சு வருசத்தில நாங்களும் போனனாங்கள். அதே ஒக்டோபர் முப்பது” என்றார் அவர். உண்மைதான். 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கி வந்த நேரத்தில், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்ற கதையை அவர் சொன்னார். இரண்டு துயரமும் ஒன்றல்ல. அவர்கள் சில மாதங்களில் திரும்ப முடிந்தது. எங்களுக்கு ஓர் ஆயுள் போய்விட்டது. ஆனால் திகதி ஒன்றாக இருந்தது. இருவரும் அதைப் பற்றி மேலும் பேசவில்லை. சீனி போதுமா என்று பேசினார்கள்.

எந்தக் கதவு எதற்கு?

மறுநாள் அலுவலகங்களுக்குப் போனோம். பல சகோதரிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இலங்கையில் சாதாரண மனிதரின் காரியங்கள் இரண்டு வகை வாசல்களில் நடக்கின்றன.

ஒன்று அரசாங்கத்தின் வாசல். அடியில் கிராம அலுவலர். யாழ்ப்பாணத்தில் இன்றும் பழக்கத்தில் விதானையார் என்பார்கள். நாம் இந்த ஊரில் வசிக்கிறோம் என்று உறுதிப்படுத்துவதும், வாக்காளர் இடாப்புக்கான படிவம் தருவதும் அவரே. அவருக்கு மேலே பிரதேச செயலகம், அதற்கு மேலே மாவட்டச் செயலகம். பழைய ஆட்கள் கச்சேரி என்பார்கள்.

மற்றது மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி சபையின் வாசல். யாழ் மாவட்டத்தில் இப்படி 17 சபைகள் உண்டு: யாழ்ப்பாண மாநகர சபை ஒன்று, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி என்ற நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று. தெருவிளக்கு, கான், குப்பை, சந்தை, நூலகம், கட்டிட அனுமதி எல்லாம் இவர்களின் பொறுப்பு. இதற்காக நாம் கட்டுவதுதான் சோலைவரி. தமிழகத்துச் சகோதரிகள் வீட்டு வரி என்று சொல்வது. ஆண்டுக்கு நான்கு காலாண்டாகக் கட்டலாம். ஜனவரி முடிவதற்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு. அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம்.

நாங்கள் முதலில் போன ஓர் அலுவலகத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, நீங்கள் இங்க நிரந்தரமா இருக்கிறீங்களா? இரவில இங்க தங்குறனீங்களா?” என்று கேட்டார்.

“கூரை இல்லாத வீட்டில எப்பிடித் தம்பி தங்குறது?”

“தங்கினாத்தானே அம்மா நான் பதியலாம். பதிஞ்சாத்தானே வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.”

உம்மா சிறிது நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை இருந்தால் பதிவு. பதிவு இருந்தால் கூரை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த விதி அப்படி. ஆனால் விதி எழுதியவர்கள், 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று மூன்று நான்கு குடும்பமாகத் திரும்புவார்கள் என்பதையோ, பிள்ளைகளின் படிப்பு முடியும் வரை பாதிப் பேர் புத்தளத்திலும் பாதிப் பேர் இங்குமாக இருப்பார்கள் என்பதையோ நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இங்கே பெயரைப் பதிந்தால் அங்கே வெட்டிவிடுவார்கள். அங்கேயே இருந்தால் இங்கே நாம் அந்நியர். ஒரு பெயருக்கு இரண்டு ஊர் இருக்கக்கூடாது என்கிறது காகிதம். எங்களுடைய வாழ்க்கையோ இரண்டு ஊரில் நடக்கிறது.

நான்கு எல்லை

உறுதிக்காகக் காணிப் பதிவகத்துக்குப் போனபோதுதான் உம்மா எத்தனை கெட்டிக்காரி என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் பகுதியில் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனால் அந்த வீடு வாப்பாவின் பெயரில் இல்லை, உம்மாவின் பெயரில். எழுதிய நொத்தாரிசின் பெயர், எழுதிய ஆண்டு, காணியின் பெயர், ஒன்றரைப் பரப்பு என்ற அளவு (16 பரப்பு சேர்ந்தது ஓர் ஏக்கர்) எல்லாம் உம்மாவுக்குப் பாடமாக இருந்தன. யாழ்ப்பாணத்து உறுதியில் காணிக்கு நான்கு எல்லையும் எழுதியிருக்கும். கிழக்கு இன்னாருடைய காணி, வடக்கு ஒழுங்கை என்று உம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கிழக்கு எல்லையில் வந்தது தேத்தண்ணி தந்த அந்த அக்காவுடைய தகப்பனாரின் பெயர்.

நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் சேர்க்கப்படும் என்பதைச் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கையிலுள்ளது தொலைந்தாலும் அந்தப் பிரதியை வைத்து அத்தாட்சிப்படுத்திய நகல் கேட்கலாம். தேடலில் எங்களுடையது கிடைத்தது. எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவருடைய காணியில் இன்னொருவர் அவருடைய உரிமையை ஏற்காமல் 10 ஆண்டுகள் இடையறாது இருந்துவிட்டால், காணி தனக்கே என்று வழக்காடலாம் என்பது இலங்கைச் சட்டம். துரத்தப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! அதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. ஆனால் அதன் பயனைப் பெற 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் முகாமில் அந்தச் சட்டத்தைக் கேள்விப்படாத பெண்களே அதிகம். உரிமை பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அந்தப் பத்திரிகை கிடுகுக் கொட்டில் வரை வரவில்லை.

தண்ணீரும் குப்பையும்

பெண்கள் ஓர் ஊரை அளப்பது தண்ணீரை வைத்துத்தான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களுக்குள் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். நெருக்கமான தெருக்களில் மலசலகூடக் குழியும் கிணறும் சில அடி தூரத்தில் இருந்தால், துவாரமுள்ள கல் அழுக்கையும் சேர்த்தே கொடுக்கும். ஒன்றரைப் பரப்புக் காணியில் மூன்று குடும்பம் வீடு கட்டினால் குழி எங்கே, கிணறு எங்கே?

அதனால் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும்தான். குடிக்கப் பவுசரில் வரும் தண்ணீரையோ குழாயையோ எதிர்பார்க்கிறார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24 ஆயிரம் கன மீற்றர் தரக்கூடியது. அந்தக் குழாய் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் வருவதுதான் பெண்களின் காத்திருப்பு.

மழைக்காலம் இன்னொரு கதை. முன்னோர்கள் நகரத்துக்குள் குளங்களை வெட்டி, கான்களால் இணைத்து, மிகுதி நீரைக் கடல்நீரேரிக்கு விட்டார்கள். ஆரியகுளமும் புல்லுக்குளமும் இன்றும் கண்ணில் படுகின்றன. கானைக் குப்பையால் அடைத்துவிட்டால் கார்த்திகை மழை வீட்டுக்குள் வரும். ஒரு சகோதரி சொன்னார்: “சபைக்குச் சொன்னம், வந்து துப்புரவாக்கினாங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தா எங்கட ஆக்களே பொலித்தீன் பையைப் போட்டிருக்கினம்.” சேவை கேட்பது நம் உரிமை. பையைப் போடாமல் இருப்பது அதற்கு முந்திய கடமை.

கதிரையில் பெண்கள்

யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். 1998இல் தெரிவாகி, அதே ஆண்டு மே 17இல் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டம்பரில் குண்டுவெடிப்பில் பலியானார். தெருவிளக்கும் கானும் பார்க்கும் ஒரு பதவிக்கு உயிரை விலையாகக் கொடுத்த காலம் அது. இன்று உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் சட்டத்தில் உண்டு. அந்த முறையில் முதல் தேர்தல் 2018 பெப்ரவரியில் நடந்தது. அதற்குப் பின் 2025 மே மாதத்தில் நடந்தது. தண்ணீருக்கும் கானுக்கும் அலையும் பெண்களின் குறை சபையில் கேட்க வேண்டுமானால், அங்கே நம்மவர்களும் இருக்க வேண்டும். அதற்கு முதலில் வாக்காளர் இடாப்பில் நம் பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் நூலகத்தையும் பார்த்தோம். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு இடம், 1959இல் அந்த வெண்ணிறக் கட்டிடமாக உயர்ந்து, 1981 மே 31 இரவு ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களோடு எரிக்கப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் மாநகர சபையின் சேவைதான். பாவாடை சட்டையில் ஒரு பிள்ளையும் பர்தாவில் ஒரு பிள்ளையும் ஒரே மேசையில் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார்கள். உம்மா அவர்களை நீண்ட நேரம் பார்த்தார்.

சீட்டு

புறப்படுவதற்கு முன் இரண்டு காரியம் செய்தோம். கிழக்கு எல்லை அக்கா, 1990க்கு முன் நாங்கள் அங்கு வாழ்ந்தோம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுத் தந்தார். “இதைச் சொல்ல எனக்கென்ன அக்கா? நான்தானே சாட்சி” என்றார். அடுத்தது, உறுதியின் நகலைக் காட்டி மாநகர சபையில் சோலைவரி கட்டினோம். சிறிய தொகைதான். சோலைவரிச் சீட்டு காணி உரிமைக்கு முழு ஆதாரமாகாது என்று விளங்கப்படுத்தினார்கள். அது எங்களுக்குத் தெரியும்.

உம்மா அந்தச் சீட்டை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். உம்மாவின் பெயர், அவருடைய வாப்பாவின் பெயரோடு. கீழே தெருவின் பெயர், வீட்டு இலக்கம். புத்தளத்தில் எல்லா அட்டையிலும் அவர் இன்னாருடைய மனைவி, இடம்பெயர்ந்த குடும்பம் என்றுதான் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய பெயரும் அந்தத் தெருவின் பெயரும் ஒரே தாளில் வந்ததில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில், எந்த இலக்கத்தில், எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் ஒன்றை வையுங்கள். நான்கு எல்லையையும் உங்கள் மகள்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பஸ் நாவற்குழியைக் கடக்கும்போது, “கிணத்தை இறைக்க என்ன செலவாகும்?” என்று கேட்டார் உம்மா. விசாரிப்போம் என்றேன். “விசாரி. தண்ணி நல்லா இருந்தா மாதுளை வைக்கலாம்” என்றார். இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில்.